தொடர்மாந்தரும் நிலைத்த நடையும்: வகைமைப் புனைகதை ஆசிரியரின் எழுத்துவாழ்வும் மொழிபெயர்ப்பின் அலகும்

1. முன்னுரை

துப்பறியும் கதை, குற்றக்கதை, அறிவியல் புனைகதை, மாயக்கதை ஆகியவற்றை எழுதியே வாழ்நாள் முழுதும் வாசகரைத் தக்கவைத்துக்கொண்ட ஆசிரியர்கள் இந்திய மொழிகள் பலவற்றில் உள்ளனர். இவர்களைப் பற்றிய திறனாய்வு இருவகைப்பட்டு நிற்கிறது. ஒரு சாரார் இவ்வெழுத்தை வணிக எழுத்து என ஒதுக்குவர். மற்றொரு சாரார் நூல்களின் தொகையையும் விற்பனையையும் சுட்டி வியப்பர். இவ்விரு சாராரும் பெரும்பாலும் தொடாது விடுவது மொழியை ஆகும். ஓர் ஆசிரியர் நூறு நூல்களுக்கு மேல் எழுதுகிறார். நூறாவது நூலையும் வாசகர் முதல் பக்கத்திலேயே 'இது அவருடையது' என அறிந்துகொள்கிறார். இந்த அறிதல் எவ்வாறு நிகழ்கிறது என்பது மொழியியல் வினா. அந்த அறிதலை வேறொரு மொழியில் எவ்வாறு நிகழச் செய்வது என்பது மொழிபெயர்ப்பியல் வினா. இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எடுத்துக்கொள்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வெல்லை கருதி மூன்று ஆசிரியர்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றனர். உருதுவில் இப்னே சஃபி (1928–1980), இந்தியில் சுரேந்தர் மோகன் பாடக் (பி. 1940), தமிழில் சுஜாதா (1935–2008) ஆகியோரே அம்மூவர். வகைமைப் புனைகதை ஆசிரியரின் எழுத்துவாழ்வு தனி நூலின் வெற்றியால் அமைவதில்லை என்பதும், மாந்தரோடு பிணைந்த நிலைத்த வழக்குநிலைகள் சிலவற்றை உருவாக்கி நெடுங்காலம் காப்பதால் அமைகிறது என்பதும், ஆதலின் இத்தகைய எழுத்தை மொழிபெயர்ப்போருக்கு அலகாக இருக்கவேண்டியது நூல் வரிசையே என்பதும் இங்கு நிறுவப்படும் கருத்துகளாகும்.

2. அச்சும் கால ஒழுங்கும்

வகைமை எழுத்து தொழிலாக அமைவதற்கு முதல் தேவை, குறித்த காலத்தில் தவறாது வெளிவரும் ஓர் அச்சுவாயில். இந்தியில் தேவகி நந்தன் கத்ரியின் 'சந்திரகாந்தா' 1888ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கியது. இந்நூலைப் படிப்பதற்காகவே உருது மட்டும் அறிந்த பலர் நாகரி எழுத்தைக் கற்றனர் என இந்தி இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். கத்ரி பின்னர் காசியில் லஹரி அச்சகத்தை நிறுவித் தம் நூல்களைத் தாமே வெளியிட்டார். கோபால் ராம் கஹ்மரி 1900ஆம் ஆண்டு 'ஜாசூஸ்' என்னும் இதழைத் தொடங்கித் துப்பறியும் கதைகளை அதில் எழுதினார். தமிழில் வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925ஆம் ஆண்டு 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தித் தம் நாவல்களை அதில் தொடராக வெளியிட்டார். அவர் எழுதிய நாவல்களின் தொகை நூற்றுக்கு மேற்பட்டது. முன்னோடிகளான இம்மூவரும் எழுத்தாளராக மட்டும் நில்லாது இதழை அல்லது அச்சகத்தைத் தம் கையில் வைத்திருந்தமை நோக்கத்தக்கது.

இந்த அச்சுவாயில் பிற்காலத்தில் பிறர் கைக்கு மாறியது. அலகாபாத்தில் அப்பாஸ் உசைனி வெளியிட்ட 'ஜாசூசி துனியா' மாத வரிசை 1952ஆம் ஆண்டு இப்னே சஃபியின் நாவலோடு தொடங்கிற்று. தமிழில் குமுதம், ஆனந்த விகடன் முதலிய வார இதழ்களும், மாலைமதி, ராணிமுத்து போன்ற மாத நாவல் வெளியீடுகளும் இவ்விடத்தைப் பெற்றன. இந்தியில் தில்லி, மீரட் ஆகிய நகரங்களின் பாக்கெட் புத்தக வெளியீட்டாளர்கள் அதனைப் பெற்றனர். மலிவான தாளைக் குறிக்கும் 'லுக்தி' என்னும் சொல்லே இந்தியில் இவ்விலக்கியத்திற்குப் பெயரடையாயிற்று. நூலின் பொருளைச் சுட்டாது தாளின் தரத்தைச் சுட்டும் அப்பெயரில் இவ்வெழுத்தின்மீது சமூகம் கொண்டிருந்த மதிப்பீடும் பதிவாகியுள்ளது எனலாம்.

வெளியீட்டு முறை நடையைப் பாதிக்கும். வாரத்தொடரில் ஒவ்வோர் இயலும் ஏழு நாள் இடைவெளிக்குப் பின் படிக்கப்படுகிறது. ஆகவே இயலின் தொடக்கத்தில் பதிலிடுபெயரால் மாந்தரைச் சுட்ட இயலாது; முழுப்பெயரும் ஓர் அடையாளக் குறிப்பும் மீண்டும் தரப்படவேண்டும். இயலின் இறுதித் தொடர் விடையற்ற வினாவாகவோ முற்றுப்பெறாத செயலாகவோ நிற்கவேண்டும். ஒரே அமர்வில் படிக்கப்படும் மாத நாவலுக்கு இக்கட்டாயங்கள் இல்லை. தொடராக வந்து பின் நூலான படைப்பை மொழிபெயர்ப்போர் இடையிடையே காணும் 'தேவையற்ற' பெயர்களும் விளக்கங்களும் இவ்வாறு தோன்றியவையே. அவற்றை நீக்குவதா காப்பதா என்பதனை அவற்றின் தோற்றம் அறிந்தே முடிவு செய்தல் வேண்டும்.

3. பயிற்சிக்களமாக மொழிபெயர்ப்பு

இத்துறை ஆசிரியர்களின் தொடக்கக் காலத்தை நோக்கினால் மொழிபெயர்ப்பும் தழுவலுமே அவர்களுக்குப் பயிற்சிக்களமாக இருந்தமை புலனாகும். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில நாவலாசிரியர்களைத் தழுவித் தமிழில் எழுதினார். இப்னே சஃபி தம் முதல் நாவலான 'திலேர் முஜ்ரிம்' விக்டர் கன்னின் ஆங்கிலக் கதையொன்றின் கருவைக் கொண்டது என்பதைத் தாமே ஒப்புக்கொண்டவர். பாடக் 1959ஆம் ஆண்டு சிறுகதையோடு எழுத்துலகில் புகுந்து, 1963ஆம் ஆண்டு முதல் நாவலை வெளியிட்டவர். ஜேம்ஸ் பாண்ட் நாவல்களையும் ஜேம்ஸ் ஹாட்லி சேஸின் நாவல்களையும் இந்தியில் பெயர்த்தவர்.

தழுவலிலிருந்து இவர்கள் பெற்றது கதைக்கரு மட்டும் எனக் கருதுவது பொருந்தாது. உரையாடலால் கதையை நகர்த்துதல், செய்தியை மறைத்து வைத்து உரிய இடத்தில் வெளியிடுதல், வினைமுற்றுகளைக் குறுக்கி வேகம் கூட்டுதல் ஆகிய உத்திகளுக்குத் தம் மொழியில் அமைப்பு வடிவங்களைத் தேடவேண்டிய கட்டாயத்தை மொழிபெயர்ப்புப் பணி உண்டாக்கியது. ஆங்கிலத் துப்பறிவாளனின் பேச்சுத்தொடருக்கு உருதுவில், இந்தியில், தமிழில் யார் பேச்சு ஈடாகும்? வழக்கறிஞர் பேச்சா, செய்தியாளர் பேச்சா, கல்லூரி மாணவர் பேச்சா? இவ்வினாவுக்கு ஒவ்வோர் ஆசிரியரும் கண்ட விடையே பின்னர் அவருடைய தனி நடையாயிற்று. மொழிபெயர்ப்பில் தொடங்கும் எழுத்துவாழ்வு, தழுவலை விடுத்துத் தனக்கெனத் தொடர்மாந்தரை அமைக்கும்போதுதான் தன் காலில் நிற்கிறது.

4. புனைபெயர்: வழக்குநிலையின் எல்லைக்கோடு

அஸ்ரார் அகமது என்பது இப்னே சஃபியின் இயற்பெயர். தந்தை சஃபியுல்லாவின் பெயரைக் கொண்டு 'சஃபியின் மகன்' எனப் பொருள்படும் இப்புனைபெயரை நாவல்களுக்கென வைத்துக்கொண்டார். கவிதைக்கு 'அஸ்ரார் நார்வி' என்றும், அங்கதக் கட்டுரைகளுக்கு 'துக்ரல் ஃபர்கான்' என்றும் வேறு பெயர்கள் இருந்தன. ஒரே மனிதர் மூன்று வழக்குநிலைகளுக்கு மூன்று பெயர்களை எல்லைக்கோடாக அமைத்துக்கொண்டார் என்பதே இதன் மொழியியற் பொருள்.

சுஜாதாவின் பெயர் வேறு காரணத்தால் பிறந்தது. குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் இருந்தமையால் பெயர்க்குழப்பத்தைத் தவிர்க்கவே எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். பணியில் இருந்துகொண்டே 1968ஆம் ஆண்டு 'நைலான் கயிறு' தொடரை எழுதினார்; பின்னர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றினார். 1993ஆம் ஆண்டு ஓய்வு பெறும்வரை பணியும் எழுத்தும் இணைந்தே சென்றன. பாடக்கும் தில்லியில் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை நிறுவனத்தில் பணிபுரிந்தவாறே எழுதியவர். ஊதியம் தரும் வேறொரு பணி இருந்தமையே இவர்களைப் பதிப்பாளரின் அவசரத்திலிருந்து ஓரளவு காத்தது எனக் கொள்ளலாம். அப்பணி மொழிக்கும் பயன்பட்டது. அலுவலகத்திலும் தொழிற்கூடத்திலும் புழங்கிய கலப்புமொழியின் சொற்களையும் தொடரமைப்பையும் உரையாடலில் கொணர்ந்ததில் சுஜாதாவின் பங்கு பெரிது.

5. தொடர்மாந்தரும் பேச்சும்

இப்னே சஃபி இரு வரிசைகளை நடத்தினார். கர்னல் ஃபரீதி, கேப்டன் ஹமீது ஆகியோரைக் கொண்ட 'ஜாசூசி துனியா' ஒன்று. 1955ஆம் ஆண்டு தொடங்கிய இம்ரான் வரிசை மற்றொன்று. பின்னதில் இம்ரான் ஊரறிந்த அசடனாக நடிப்பவன். அவனே 'எக்ஸ்-டூ' என்னும் மறைபெயரில் இரகசியப் பிரிவின் தலைவன். அவனுக்குக் கீழ் பணிபுரிவோருக்கு இது தெரியாது, வாசகருக்குத் தெரியும். இம்ரானாகப் பேசும்போது தொடர்பற்ற வேடிக்கைப் பேச்சும், எக்ஸ்-டூவாகப் பேசும்போது சுருங்கிய ஏவல் தொடர்களும் அமைகின்றன. ஒரே மாந்தனுக்கு இரு வழக்குநிலை என்னும் இந்த அமைப்பு ஒரு நூலில் மட்டும் இருந்தால் வெறும் உத்தி. நூற்றுக்கு மேற்பட்ட நூல்களில் தொடரும்போது வாசகருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான முன்கோளாக அது மாறுகிறது. தொலைபேசியில் ஒலிக்கும் முதல் தொடரே 'இப்போது பேசுவது யார்' என்பதை அறிவித்துவிடும், கதைசொல்லி விளக்கவேண்டுவதில்லை.

பாடக்கின் எழுத்தில் மூன்று வழக்குநிலைகள் தெளிவாகப் பிரிகின்றன. 'பிளாஸ்ட்' என்னும் நாளிதழின் செய்தியாளன் சுனில் வரிசை படர்க்கையில் சொல்லப்படுவது. செய்தித்தாள் இந்தியின் சாயல் உடையது. தில்லியின் தனியார் துப்பறிவாளன் சுதீர் கோலி தன்மையில் பேசுபவன். தற்பெருமையும் தன்னையே எள்ளும் போக்கும் அவன் நடை. 1971ஆம் ஆண்டு தொடங்கிய விமல் வரிசையின் நாயகன் சர்தார் சுரேந்தர் சிங் சோஹல். சிறையிலிருந்து தப்பி, பல பொய்ப்பெயர்களில் வாழும் குற்றவாளி. அவன் நினைவில் குருபாணி அடிகள் இடம்பெறும். தேடப்படும் ஒருவன் தன் சமயத்தையும் தாய்மொழியையும் மறைத்து வாழும் துயரம் அந்த மொழிக்கலப்பில்தான் வெளிப்படுகிறது.

சுஜாதாவின் கணேஷ்–வசந்த் இணையில் மூத்த வழக்கறிஞர் கணேஷை வசந்த் 'பாஸ்' என விளிப்பது தமிழ் வாசகர் நன்கறிந்தது. மெக்ஸிகோ சலவைக்காரி பற்றிய நகைச்சுவைக் கதையை வசந்த் சொல்லத் தொடங்குவதும் அது முழுமையாகச் சொல்லப்படாமலே போவதும் வரிசை முழுதும் தொடர்ந்த வேடிக்கை. இக்கதை எந்த ஒரு நூலிலும் 'இல்லை'. வரிசை என்னும் பெரும்பனுவலில் மட்டுமே அதற்கு இருப்பு உண்டு. தொடர்மாந்தர் வரிசையின் மொழி எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பதரிது.

பின்வந்த தமிழ் ஆசிரியர்களும் இணைமாந்தர் அமைப்பையே பின்பற்றினர். ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகியோர் இத்தகையோர். இணையில் இருவர் பேச்சும் வேறுபட்டிருந்தால், 'என்றான்', 'என்றாள்' என்னும் குறிப்புகள் இன்றியே உரையாடலை நெடுந்தொலைவு கொண்டுசெல்லலாம். விரைந்து எழுதவேண்டிய ஆசிரியருக்கும் விரைந்து படிக்கும் வாசகருக்கும் இவ்வமைப்பு ஒருங்கே பயன்படுகிறது.

6. 'சொல்வறுமை' என்னும் குற்றச்சாட்டு

வகைமை எழுத்தில் சொன்னதையே சொல்லும் குறை மிகுதி என்பது பொதுவான குற்றச்சாட்டு. இதனை முற்றும் மறுப்பதற்கில்லை; ஆயின் பகுத்து நோக்கவேண்டும். கருத்தாடலில் அறிந்த செய்தி, புதிய செய்தி என்னும் இருபகுதி உண்டு. துப்பறியும் கதையில் புதிய செய்தியின் அடர்த்தி மிகுதி. யார், எங்கே, எத்தனை மணிக்கு, எந்தப் பூட்டு, எந்தத் திறவுகோல் என நினைவிற் கொள்ளவேண்டியன பல. மாந்தரின் இயல்பும் விளியும் பேச்சுப்பாங்கும் முன்பே அறிந்தனவாக இருப்பதால்தான் வாசகரின் கவனம் புதியவற்றின்மீது நிற்க இயலுகிறது. ஆகவே மீள்வரவு இவ்வகைமையில் ஒரு பணியைச் செய்கிறது.

எனினும் எல்லா மீள்வரவும் பணி செய்வதில்லை. இங்கு இரண்டினைப் பிரித்தல் தகும். மீண்டும் வரும் தொடர், வரும் இடத்திற்கேற்பப் பயன் வேறுபட்டால் அது செயற்படும் மீள்வரவு. வசந்தின் முற்றுப்பெறாத நகைச்சுவை ஓரிடத்தில் அச்சத்தைத் தணிக்கும். மற்றோரிடத்தில் அவ்விருவர் உறவைக் காட்டும். எவ்விடத்திலும் ஒரே பயனோடு, எவ்வித வேறுபாடுமின்றி வந்தால் அது தேய்ந்த மீள்வரவு. பெண்மாந்தர் கதையில் புகும்போதெல்லாம் அவர்தம் உடலை ஒரே சொற்சேர்க்கைகளால் வருணிக்கும் வழக்கம் இவ்வகையினது. பல மொழிகளின் குற்றக்கதைகளில் இக்குறை காணப்படுகிறது. வகைமையின் தேவை என அதனைக் காக்க முயல்வது ஏற்புடைத்தன்று. இப்னே சஃபியின் எழுத்தே அதற்கு மறுப்பு. பாலுணர்வைத் தூண்டும் நூல்களே உருதுவில் விற்கும் என்னும் கருத்தை மறுக்கும் நோக்கோடு அவர் துப்பறியும் நாவலைத் தொடங்கினார் என்பது அவர் வரலாற்றில் இடம்பெறும் செய்தி. அக்கட்டுப்பாட்டை அவர் இறுதிவரை காத்தார். அதனால் வாசகரை இழக்கவில்லை.

நடையே எழுத்துவாழ்வின் முதல் என்பதற்கு எதிர்நிலைச் சான்றும் உண்டு. 1960 முதல் 1963 வரை இப்னே சஃபி நோயுற்று எழுதாதிருந்தார். அக்காலத்தில் அவர் மாந்தரையும் அவர் பெயரை ஒத்த பெயர்களையும் கைக்கொண்டு போலி நூல்கள் பல வெளிவந்தன. மாந்தர் பெயர், அட்டை, விலை, அளவு ஆகிய அனைத்தும் எளிதில் எடுத்துக்கொள்ளக் கூடியனவாயிருந்தன. எடுத்துக்கொள்ள இயலாதது அந்த இரு வழக்குநிலைகளின் சமன்பாடு. 1963ஆம் ஆண்டு 'டேட் மத்வாலே' வெளிவந்தபோது கிடைத்த வரவேற்பு, வாசகர் வேறுபாட்டை அறிந்தே காத்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது. மாந்தரின் பெயருக்கன்றி அவர்தம் பேச்சுக்கே வாசகர் கட்டுப்பட்டிருந்தனர்.

நிலைத்த நடைக்கு விலையும் உண்டு. வரிசை நாயகருக்கு வயது ஏறுவதில்லை; மொழிக்கோ வயது ஏறுகிறது. எழுபதுகளின் இளைஞர் பேச்சு இருபதாண்டுகளில் பழைமை எய்திவிடும். ஆசிரியர் அதனை மாற்றினால் வாசகர் மாந்தரை இழக்கின்றனர். மாற்றாவிடில் மாந்தர் காலத்தை இழக்கின்றனர். இதனை எதிர்கொள்ள இம்மூவரும் ஒரே வழியைக் கையாண்டனர் எனலாம். ஒரு வழக்குநிலையை மட்டும் நம்பியிராது பலவற்றை ஒருங்கே வளர்த்தனர். சுஜாதா துப்பறியும் கதைக்கு அப்பால் அறிவியல் புனைகதை, நாடகம், கட்டுரை, ஸ்ரீரங்கத்து நினைவுக் கதைகள் எனப் பிரிந்து எழுதியதும், பாடக் மூன்று வரிசைகளை இணையாக நடத்தியதும் இதன்பாற்படும்.

7. மொழிபெயர்ப்பின் அலகு

மேற்கூறியவற்றை ஏற்பின், இவ்வாசிரியர்களின் ஒரு நூலைத் தனியே எடுத்து மொழிபெயர்ப்பது எத்தகைய செயல் என்னும் வினா எழுகிறது. மூலவாசகர் அந்நூலைப் படிக்கும்போது முந்தைய நூல்களின் நினைவோடு படிக்கின்றனர். பெயர்ப்புமொழி வாசகருக்கு அந்நினைவு இல்லை. மூலத்தில் வாசகரின் அறிவு நிரப்பிய இடங்கள் பெயர்ப்பில் வெற்றிடங்களாகின்றன. அவ்வெற்றிடங்களை நோக்கி 'மூலமே மெலிந்தது' என முடிவு கட்டுவது பிழையாகும்.

இப்னே சஃபியின் நாவல்கள் அவர் காலத்திலேயே அலகாபாத்திலிருந்து இந்தியிலும் வெளிவந்தன. அவற்றில் ஃபரீதி 'வினோத்' ஆனார். இம்ரான் 'ராஜேஷ்' ஆனார். ஹமீது ஹமீதாகவே இருந்தார். பெயர்மாற்றத்தை மூலத்துக்கு இழைத்த தீங்கு எனக் கூறுவது எளிது. உருதுவில் ஒரே சமயத்தைச் சார்ந்த இருவரின் நட்பாக இருந்தது, இந்தியில் இரு சமயத்தாரின் நட்பாகப் பொருள் மாறியது என்பதும் உண்மையே. ஆயினும் அம்மாற்றம் வரிசை முழுதும் சீராகப் பின்பற்றப்பட்டது. அதனால் இந்தி வாசகருக்கு வினோத்–ஹமீது என்னும் இணை உறுதியாகப் பதிந்தது; ஆசிரியருக்கு இந்தியில் இரண்டாவது எழுத்துவாழ்வு அமைந்தது. கதை நிகழும் நாட்டின் பெயரை இப்னே சஃபி பெரும்பாலும் குறிப்பிடாது விட்டமை இதற்குத் துணைசெய்தது. 1952ஆம் ஆண்டு அவர் கராச்சிக்குக் குடிபெயர்ந்த பின்னும் எல்லையின் இருபுறமும் அவருடைய நூல்களைத் தம் ஊர்க்கதையாகவே வாசகர் படிக்க முடிந்ததற்கும் அதுவே காரணம்.

அண்மைக்கால ஆங்கிலப் பெயர்ப்புகளில் சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகத்தின் பணி குறிப்பிடத்தக்கது. 2008ஆம் ஆண்டு தமிழ் வெகுமக்கள் புனைகதைத் தொகுப்பொன்று பிரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் வெளிவந்தது. 2009ஆம் ஆண்டு பாடக்கின் 'பைன்சட் லாக் கீ டகைதி' சுதர்சன் புரோகித் மொழிபெயர்ப்பிலும், 2011ஆம் ஆண்டு இப்னே சஃபியின் நான்கு நாவல்கள் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கியின் மொழிபெயர்ப்பிலும் வெளிவந்தன. இவற்றை ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது. தொகுப்புநூல் பல ஆசிரியரை அறிமுகம் செய்யும். ஆனால் எந்த ஆசிரியரின் வழக்குநிலையும் நிலைபெறுவதற்குப் போதிய இடம் அதில் அமையாது. பாடக்கின் நூல் விமல் வரிசையின் தொடக்க நூலன்று. நாயகனின் முன்வரலாறு அறிந்தோருக்கே அவன் தயக்கங்கள் முழுமையாகப் பொருள்படும். ஃபாரூக்கி மொழிபெயர்த்த நான்கும் டாக்டர் டிரெட் என்னும் ஒரே எதிராளியால் பிணைக்கப்பட்டவை. எனவே முதல் நூலில் அறிமுகமான பேச்சுமுறை நான்காம் நூலில் 'அறிந்த'தாகிவிடுகிறது. உருதுத் திறனாய்வின் முதன்மையான அறிஞர் ஒருவர் இப்பணியை மேற்கொண்டார் என்பதோடு, வரிசையை அலகாகக் கொண்டார் என்பதும் பாராட்டத்தக்கது.

8. இந்தியிலிருந்து தமிழுக்கு

இந்திய மொழிகளுக்கிடையே இத்தகைய எழுத்தைப் பெயர்க்க முனைவோர் ஆங்கிலப் பெயர்ப்பைப் பாலமாகக் கொள்ளும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். காரணம் முன்னிலைப் பெயரிலேயே தொடங்குகிறது. இந்தியில் 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று படிநிலைகள் உள்ளன; ஆங்கிலத்தில் ஒன்றே. தமிழின் பொதுவழக்கில் 'நீ', 'நீங்கள்' என இரண்டு. ஆங்கிலத்தின் வழியே வருபவர் மூன்றையும் இழந்து, பின் இரண்டை ஊகித்து அமைக்கவேண்டியவராகிறார்.

நேரடியாகப் பெயர்ப்பினும் சிக்கல் உண்டு. மிரட்டல் காட்சியொன்றில் ஒருவன் 'தும்' என்பதிலிருந்து 'தூ' என்பதற்கு இறங்குவதாகக் கொள்வோம். அவ்விறக்கமே மிரட்டல். தமிழில் இரண்டும் 'நீ' ஆகிவிடுவதால் இறக்கம் மறைகிறது. 'டா' என்னும் விளியிடைச்சொல்லால் அதனைக் காட்டலாம். ஆனால் 'டா' நண்பரிடையே அன்பையும் காட்டும். ஆகவே அன்புக்கு 'டா' வழங்கும் இணை எது, பகைக்கு வழங்கும் இடம் எது என்பதை வரிசையின் முதல் நூலிலேயே வரையறுத்துவிட வேண்டும். கடவுளை விளிக்கும் 'தூ' மட்டும் இடரின்றித் தமிழில் 'நீ' ஆகும். விமலின் வேண்டுதல்கள் இவ்வகையில் ஆங்கிலத்தினும் தமிழில் இயல்பாக ஒலிக்கும்.

இந்தியின் 'யார்' என்னும் நட்புவிளிக்குத் தமிழில் 'மச்சான்', 'மாப்பிள்ளை', 'தலைவா' எனப் பல உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்தை, ஒரு சமூகத்தை, ஒரு தலைமுறையைச் சுட்டும். ஒரு நூலில் ஒன்றையும் அடுத்த நூலில் மற்றொன்றையும் ஆண்டால் மாந்தர் வேறொருவராகிவிடுவர். படர்க்கையிலும் இதுபோன்ற முடிவு தேவை. தமிழ்க் குற்றக்கதையில் நாயகன் 'என்றான்' எனவும், மூத்த காவல் அதிகாரி 'என்றார்' எனவும் முடிவது பெருவழக்கு. சுனிலை 'அவன்' என்பதா 'அவர்' என்பதா என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் நூறு நூல்களுக்கு அதுவே விதி.

ஆதலின் மொழிபெயர்ப்பாளர் பணி தொடங்குமுன் மூன்றினைச் செய்தல் நலம். ஒன்று, குறைந்தது ஐந்தாறு நூல்களைப் படித்து, விளிகள், பட்டப்பெயர்கள், மீண்டும் வரும் தொடர்கள், முன்னிலைப் படிநிலைகள் ஆகியவற்றைத் தொகுத்து வரிசைக்கென ஒரு சொற்கோவை அமைத்தல். இரண்டு, செயற்படும் மீள்வரவையும் தேய்ந்த மீள்வரவையும் பிரித்து, முன்னதற்கு மாறாத நிகரனைக் கண்டு காத்தல். மூன்று, பதிப்பாளரோடு இணங்கி அடுத்தடுத்த இரண்டு அல்லது மூன்று நூல்களையேனும் ஒருங்கே வெளியிடுதல்.

9. முடிவுரை

வகைமைப் புனைகதை ஆசிரியர் தம் எழுத்துவாழ்வை அமைத்துக்கொள்ளும் வழி மொழியின் வழியே ஆகும். தழுவலில் பயின்று, புனைபெயரால் எல்லை வகுத்து, தொடர்மாந்தரின் பேச்சில் நிலைத்த வழக்குநிலைகளை நிறுவி, அவற்றை ஆண்டுக்கணக்கில் காத்தே இப்னே சஃபி, பாடக், சுஜாதா ஆகிய மூவரும் வாசகரைப் பெற்றனர்.

மொழியியலாருக்கு இதில் உடனடிக் கடமை ஒன்று உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் நகரங்களில் மக்கள் எவ்வாறு விளித்துக்கொண்டனர், எவ்வாறு எள்ளினர், எச்சொற்களைக் கலந்து பேசினர் என்பதற்கு இந்நூல்கள் பெரும் சான்றுத்தொகுதி. ஆண்டுதோறும் ஒரே மாந்தரின் பேச்சைப் பதிவுசெய்த இத்தகைய தொடர்ச்சியான தரவு பிற இலக்கிய வகைகளில் அரிது. அவை அச்சான தாளோ நெடுநாள் நிலைக்கத் தக்கதன்று. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற சில இடங்களில் வெகுமக்கள் நூல்கள் பேணப்படுகின்றன. எனினும் வரிசை முழுவதையும் ஒருங்கே தொகுத்து, ஆண்டு வாரியாக அட்டவணைப்படுத்தும் பணி இன்னும் விரிவடைதல் வேண்டும். விடுபட்ட ஒரு நூலும் வரிசையில் ஓர் இடைவெளியாகும். தொகுப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் ஆய்வாளரும் வரிசையையே அலகாகக் கொண்டால்தான் இவ்வெழுத்தைப் பற்றிய மதிப்பீடு, உயர்வாயினும் தாழ்வாயினும், சான்றின்மீது நிற்கும்.